திரைக்கு வெளியே போன பெண்கள்

சுதந்திரம் வந்த காலத்துப் படம் அது. மலாக்கா திடலில் கூட்டம் கலைந்தபின் எடுத்தது. இடது பக்கம் மேடை, தோரணம். வலது கீழ் மூலையில், திடலைக் கூட்டிவிட்டுத் துடைப்பத்தோடு உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பெண்கள். தெங்கேராவிலிருந்த ஓர் அக்கா அதை எங்கள் சங்கத்துக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பெண்களில் ஒருத்தி அவருடைய அம்மா.

காஜா பேராங்கில் எங்கள் வட்டாரச் சங்கத்துக்கு நான் இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தேன். அந்தப் படத்தைப் பின்னணியாகப் போட்டேன். படம் திரையைவிடப் பெரியது. அதனால் வலது ஓரத்திலிருந்தும் கீழிருந்தும் படம் எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்று பக்கத்தின் நிரலில் ஒரே வரியில் எழுதினேன். என் கணினியில் பெண்களின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

சங்கத் தலைவரின் அலுவலகத்தில் இருந்ததோ பழைய பிரவுசர். ஓரத்தோடு தூரத்தையும் சேர்த்துச் சொன்னால் அதற்குப் புரியாது, அந்த வரியையே தள்ளிவிடும். படம் இடது மேல் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. மேடை இருந்தது. பெண்கள் திரைக்கு வெளியே போய்விட்டார்கள்.

சங்கடத்தோடு, இன்றைக்கே சரிசெய்துவிடுகிறேன் என்றேன்.

"வேணாம்மா, இப்படியே விட்டுடு," என்றார் தலைவர். "இதான் சுத்தமா இருக்கு."

அந்தப் பெண்களில் ஒருத்தி யாருடைய அம்மா என்று சொன்னேன். தெரியுமாம். பெரிய மனிதர்கள் பார்க்கிற பக்கத்தில் துடைப்பம் எதற்காம். சொல்லிவிட்டுத் தே தாரிக் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். அந்த உதடுகளைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் 'வலது, கீழ்' என்று மட்டும் சொல்லும் வரி ஒன்றை எழுதி, என் பழைய வரியை அதற்கடியில் வைத்தேன். பழைய பிரவுசர் முதல் வரியோடு நின்றுகொள்ளும். புதியது அடுத்ததை எடுத்துக்கொள்ளும். எந்தத் திரையில் திறந்தாலும் பெண்கள் வந்தார்கள். பழைய பிரவுசரில் இருந்த கோளாறைச் சரிசெய்துவிட்டேன் என்று அக்காவிடமும் சொன்னேன்.

அதைப் பார்த்த தலைவர் வேலையை என்னிடமிருந்து பிடுங்கி, பத்து பெரெண்டாம் பகுதியில் வேறொருவரிடம் கொடுத்தார். அந்தப் புது ஆள் பக்கத்திலிருந்த படத்தின் வலது பாதியையே வெட்டி எடுத்துவிட்டார்.

இணையப் பக்கத்தின் திறப்பு விழாவுக்கு அக்கா பட்டுச் சேலையில் வந்திருந்தார். பெரிய திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் குனிந்தார்.

"நீ சொன்ன அந்தக் கோளாறு இன்னும் போகலியா? அம்மாவக் காணோமே."

"கோளாறு இல்லக்கா. வெட்டிட்டாங்க."

அக்கா எழுந்து நேராகத் தலைவரிடம் போய், தான் கொடுத்த அசல் படத்தைத் திருப்பிக் கேட்டார். பிறகு தருகிறேன் என்று தலைவர் சிரித்து மழுப்பினார். அக்கா அசையவில்லை. விருந்தினர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததும் தலைவரே உள்ளே போய் எடுத்துவந்தார். அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, சாப்பிடாமலேயே அக்கா வெளியேறினார். என் தட்டிலிருந்த மீ கோரேங் நூடுல்ஸை அப்படியே வைத்துவிட்டு நானும் எழுந்தேன்.