கீபோர்டுக்குப் போட்ட பனியன்

எங்கள் கம்பெனியில் கீபோர்டுக்கென்று தனியாக ஒரு பனியன் இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வேலம்பாளையத்தில் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான ஹால், பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின், ஒரு செக்கிங் டேபிள், மூலையில் ஆபீஸ் என்ற பெயரில் பிளைவுட் அடித்த ஓர் அறை. அப்பா முதலாளி. அம்மாதான் ஆபீஸ். கல்யாணத்துக்கு முன்பு அவிநாசியில் டைப்ரைட்டிங் படித்துப் பாஸ் செய்தவள் அம்மா. அட்டைப் பெட்டிகளின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரைக் கையால் எழுதக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் அடிக்க வேண்டும் என்று ஆர்டர் கொடுப்பவர்கள் சொன்னதும், அப்பா ஒரு கம்ப்யூட்டரை வாங்கிவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்துவிட்டார்.

வாங்கிய மூன்றாவது வாரமே கீபோர்டில் 'எம்' விழவில்லை. பனியன் தைக்கும் இடத்தில் காற்றில் பாதி பஞ்சுதான். அது பட்டன்களுக்கு அடியில் போய் மெத்தையாகப் படிந்துவிட்டது. 'எம்' இல்லாமல் மீடியம் சைஸுக்கு எப்படி ஸ்டிக்கர் அடிப்பது? புதுக் கீபோர்டு வந்ததும் அப்பா ஒரு சட்டம் போட்டார். சாயங்காலம் வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், காலையில் கொண்டுவந்து மாட்ட வேண்டும். பகல் முழுக்க அது பஞ்சுக்குள்தான் கிடக்கிறது என்பதை அப்பாவிடம் யார் சொல்வது? போகவரப் பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மா மிச்சத் துணியில் அதற்கு ஓர் உறை தைத்தாள். இழுத்து மாட்டினால் கச்சிதமாகப் பிடிக்கும், பார்க்க அசல் பனியன். எனக்குத் தீபாவளிக்கு எடுத்த பிராக்கைவிட அதில் தையல் நன்றாக இருந்தது. ஒரு கீபோர்டைப் பார்த்தே வயிறு எரிந்தவள் நான் என்பதைச் சொல்லிவிட்டால் மீதிக் கதை உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

கீபோர்டைக் கழற்றுவது சுலபம். வயரைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். மாட்டுவதுதான் வில்லங்கம். இப்போது மாதிரி தட்டையான பிளக் எல்லாம் அதில் கிடையாது. வயர் முனையில் ஊதா நிறத்தில் உருண்டையாக ஒரு பிளக், அதற்குள் குண்டூசி கனத்தில் ஆறு கம்பிகள். சி.பி.யுவின் முதுகில் அதற்கேற்ற ஊதா ஓட்டை. சரியான பக்கம் திருப்பிப் பிடித்தால் உள்ளே போகும். மாற்றிப் பிடித்து அமுக்கினால் கம்பி வளைந்துவிடும்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் கம்ப்யூட்டர் இருந்த இடம். அடிப்பவர் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும், மேஜை இந்த மூலையில்தான் இருக்க வேண்டும், ஒரு விரற்கடை நகர்ந்தாலும் ஆர்டர் நின்றுபோகும் என்று வாஸ்து பார்க்கிறவர் அப்பாவைப் பயமுறுத்தி வைத்திருந்தார். மேஜைக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது ஒன்றரைச் சாண் சந்து. அதற்குள் நுழைந்துதான் மாட்டியாக வேண்டும்.

முதல் நாள் காலையில் அப்பா மேஜைக்கு மேலே படுத்தபடி கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். நடக்கவில்லை. "கண்ணு, நீ உள்ள பூந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் கம்ப்யூட்டர் அறை எப்போதும் பூட்டிக் கிடக்கும், ஆனால் கம்ப்யூட்டரின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்து 'வெரி குட்' வாங்கியிருந்தேன். அந்தத் தெம்பில் சந்துக்குள் நுழைந்தேன். பாதியில் மாட்டிக்கொண்டேன். அந்த வயதில் நான் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அப்பா ஒரு கையும் அம்மா ஒரு கையுமாக என்னை வெளியே இழுத்தார்கள். செக்கிங் டேபிள் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஜெபராணியும் நின்றாள். செக்கிங் பார்க்கும் அக்காவின் மகள், என் வயதுதான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்தார்கள். காலையில் அம்மாவோடு வந்து, பள்ளிக்கு நேரமாகும்வரை டேபிளுக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவாள். அவள் படித்த சிஸ்டர்கள் பள்ளியில் கம்ப்யூட்டரைத் தொட விடுவார்களாம். யாரும் கேட்காமலே முன்னால் வந்து, முதலில் கரண்டை ஆஃப் பண்ணுங்க மாமா என்றாள். அப்புறம் பிளக்கை வாங்கிக்கொண்டு சந்துக்குள் போனாள். நூல் கோத்த மாதிரிப் போனாள். திரும்பி வந்து இப்போது ஆன் பண்ணலாம் என்றாள். அம்மா தட்டிப் பார்த்தாள். 'எம்' விழுந்தது.

"கெட்டிக்காரி கண்ணு நீ" என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் பஸ் கண்டக்டர்கூடச் சிறுசுகளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். ஆனால் என் அப்பாவின் வாயில் வருகிற கண்ணு எனக்கு மட்டும் சொந்தம் என்று நான் பத்து வருடமாக நம்பியிருந்தேன்.

அதன்பின் தினமும் அதே கதைதான். காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, அந்தக் கண்ணு வந்துவிட்டதா என்பது. அவளுக்காகப் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி வர ஆரம்பித்தார். எனக்கும் ஒன்று வாங்குவார், மறைக்கக் கூடாது. ஆனால் அவள் பன்னில் தேங்காய் அதிகம் என்று எனக்குத் தோன்றும். கீபோர்டின் பனியனைக் கழற்றி அவள் கையில் கொடுக்கும் வேலை என்னுடையது. பூசாரிக்குத் தட்டு எடுத்துக் கொடுப்பது போல நின்று கொடுப்பேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இளைத்துவிட்டால் நானே போய் மாட்டலாமே என்று மூன்று நாள் காலையில் சாப்பிடாமல் இருந்தேன். நான்காம் நாள் அம்மா பூரி சுட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் அம்மாவும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். கீபோர்டு வழக்கம்போல ஃபிரிட்ஜுக்கு மேலே தன் பனியனுக்குள் இருந்தது. ஸ்டூல் போட்டு எடுத்தேன். உடைக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை, சத்தியமாக. அவள் சந்துக்குள் போய், மாட்ட முடியாமல் வெறுங்கையோடு திரும்ப வேண்டும், அதை அப்பா பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. நூல் வெட்டுகிற ட்ரிம்மரின் முனையைப் பிளக்குக்குள் விட்டு இரண்டு கம்பிகளைச் சாய்த்தேன். இவ்வளவு சுலபமாக வளையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பயந்துபோய்ப் பனியனை மாட்டி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

மறுநாள் சரக்கு ஏற்றும் நாள் என்பது எனக்குத் தெரியாது. காலையிலேயே வண்டி வாசலில் நின்றது. ஹால் முழுக்கப் பெட்டிகள், ஸ்டிக்கர் ஒட்டினால் ஏற்றிவிடலாம். அப்பா பரபரப்பாக இருந்தார். நான் பனியனைக் கழற்றிக் கீபோர்டைக் கொடுத்தேன். ஜெபராணி பிளக்கை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனாள். வழக்கத்தைவிட நேரமானது. கம்ப்யூட்டரைப் போட்டதும் அது கூவியது. கீபோர்டைக் காணோம், மேலே போக 'எஃப்-1' பட்டனை அழுத்து என்று திரையில் எழுதிக் காட்டியது. இல்லாத கீபோர்டில் எதை அழுத்துவது என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

ஜெபராணி பிளக்கோடு வெளியே வந்தாள். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் ஒரே பார்வையில் அதைப் படித்துவிட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. இனி அவள் சொல்லப்போகிறாள், அப்பா என் பக்கம் திரும்பப் போகிறார் என்று கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"நாந்தான் மாமா" என்றாள். "திருப்பி வச்சு அமுக்கிட்டேன்."

அப்பா திட்டவில்லை. போகட்டும் விடு கண்ணு, பள்ளிக்கு நேரமாகிறது, கிளம்பு என்றுதான் சொன்னார். ஆனால் அதற்குள் செக்கிங் டேபிளிலிருந்து அவள் அம்மா ஓடி வந்துவிட்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் மகளின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்பா பதறிப்போய், "அட ஏனுங்கம்மா, புள்ளையப் போட்டு அடிக்கறீங்க" என்று நடுவில் வந்தார். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. இனி இவ இந்தப் பக்கமே வரமாட்டா" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். ஜெபராணி அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனாள். மேஜை மேல் அவளுடைய பன் பிரிக்காமல் கிடந்தது.

அப்பா கம்பியை நிமிர்த்தப் பார்த்ததில் ஒன்று உடைந்தே போனது. அம்மா உட்கார்ந்து ஸ்டிக்கர்களைக் கையாலேயே எழுதினாள். வண்டி மத்தியானத்துக்கு மேல்தான் போனது. அவள் கன்னத்தில் விழுந்த அறையின் சத்தம் எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். சாயங்காலம் சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் பேச்சை எடுத்தார். தப்புச் செய்தாலும் வாய் திறந்து ஒப்புக்கொள்கிறது பார், அதுதான் வளர்ப்பு என்றார். பிறகு என்னைப் பார்த்து, அந்தப் பிள்ளையிடம் கற்றுக்கொள் என்றார். சொல்ல வந்த உண்மையை நான் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். என் தப்பை வாங்கிக்கொண்டு அதற்கும் பேர் வாங்கிவிட்டாளே என்று எரிச்சலாக வந்தது.

சொன்னபடியே ஜெபராணி வரவில்லை. அப்பா இரண்டு நாள் பார்த்துவிட்டு வாஸ்துவை ஒதுக்கி வைத்து மேஜையை இழுத்துப் போட்டார். புதுக் கீபோர்டை நான்தான் மாட்டினேன். முதல் தடவையிலேயே சரியாக உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தால் அப்பா போனில் யாரிடமோ துணிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். இதற்கா இத்தனை பாடு என்று இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அவளைக் கம்பெனிக்குப் பின்னால் குழாயடியில் பார்த்தேன். குடம் நிரம்பக் காத்திருந்தாள். சுற்றி யாரும் இல்லை. நேராகப் போய்க் கேட்டேன்.

"நாந்தான் வளச்சேன்னு உனக்குத் தெரியுமில்ல? அப்பறம் எதுக்கு நீன்னு சொன்னே?"

குடத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "இது ஒங்கப்பா கம்பெனில்லா. எங்கம்மைக்கு இங்கதான வேல."

இன்று அப்பாவின் கம்பெனி இல்லை. நான் வேறொருவர் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறேன். அங்கே ஒருமுறை ஓனரின் மகன் தப்பான சாம்பிளை அனுப்பிவிட்டார். மீட்டிங்கில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "நான்தாங்க சார் கவனிக்காம விட்டுட்டேன்" என்று என் வாய் தானாகச் சொன்னது. அன்றைக்குத்தான் குழாயடியில் அவள் சொன்னதை முதல்முறையாக முழுதாகக் கேட்டேன்.

ஐந்தாம் வகுப்பில் எனக்கு அதில் கேட்டது முதல் பாதி மட்டும்தான். ஒங்கப்பா கம்பெனி. ஆக, இவளுக்கும் என்மேல் பொறாமை இருக்கிறது. இத்தனை நாள் நான் ஒருத்திதான் எரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேனே என்று எனக்கு அப்படியொரு நிம்மதி. அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது. நிரம்பிய குடத்தை அவள் இடுப்புக்குத் தூக்கிவிட்டு, "பரவால்ல, நான் ஒண்ணும் நெனச்சுக்கல" என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டு வந்தேன்.