சாவு வண்டிச் சாவி

எங்க கோயில்ல ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி எடுக்கிறவ நான்தான். சாவான பாவம் எது, அற்ப பாவம் எதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கனமான காரியமா இருக்கணும், தெரிஞ்சு செஞ்சிருக்கணும், மனசார செஞ்சிருக்கணும். மூணும் சேந்தா சாவான பாவம், அதோட பூசையில நற்கருணை அப்பம் வாங்கக் கூடாது. ஒண்ணு குறைஞ்சா அற்ப பாவம். விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்குடுப்பேன். பீத்தலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை.

கோயிலோட சாவு வண்டி நிக்கிற ஷெட்டுச் சாவியும் என் வூட்டு ஆணியிலதான் தொங்குது. வண்டி ஊர்த் தெருவுக்குப் போகும், காலனிக்குப் போகாது. இதை யாரும் எங்கயும் எழுதி வைக்கலை. காலனியிலேர்ந்து கேட்டா "வண்டி ரிப்பேர்"னு சொல்லணும், அவ்ளோதான். ஒரே கோயில், ஒரே நற்கருணை, இதுல இந்தக் கேவலம் வேற.

போன மழைக்காலத்துல கோயில் பெருக்குற அக்கா செத்துப்போச்சு. காலனிக்காரங்க. நான் உக்கார்ற பெஞ்சை பூசைக்கு முன்னாடி தொடச்சு வெச்ச கை. காலையிலயே அதோட மக என் வாசல்ல வந்து நின்னா. அழுது மூஞ்சி வீங்கியிருந்துச்சு.

"டீச்சர், சாயங்காலம் எடுக்கிறோம். அந்த வண்டியில போகணும்னு அம்மாவுக்கு ஆசை. சாவி குடுங்க டீச்சர்."

வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. முந்தின வாரம்தான் டயர் மாத்தினோம். எதுத்த வூட்டு ஆளுங்க பாத்துகினு நின்னாங்க. "வண்டி ரிப்பேர்மா"ன்னேன். தூ!

கரும்பு ஏத்துற குட்டியானை வண்டியில, சோகை ஒட்டிக்கினு இருந்த தட்டுல பெட்டியை வெச்சு மழையில எடுத்துகினு போனாங்க. நான் குடை புடிச்சிக்கினு பின்னாடியே ஜெபமாலை சொல்லிக்கினு போனேன். வெக்கங்கெட்ட ஜென்மம்.

சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "ஒரு பொய் சொன்னேன் சாமி"ன்னு நிறுத்திட்டேன். யார்கிட்ட, எதுக்குன்னு சாமி கேக்கலை, நானும் சொல்லலை. மூணு தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னாரு. முடிஞ்சுபோச்சு. அற்ப பாவமாம்!

அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை எங்க தெருவுல ஒரு பெரியவர் போய்ட்டாரு. நானே போய் ஷெட்டைத் தொறந்தேன். வண்டி சொகுசா உருண்டு வெளிய வந்துச்சு. கோயில் வாசல்ல தொடப்பத்தோட அந்தப் பொண்ணு நின்னா. அம்மா வேலையை இப்ப அவதான் பாக்குறா. நாலு பேர் முன்னாடி நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பான்னு நெனச்சேன்.

வண்டியைக் கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் கிட்ட வந்தா.

"சரியாயிடுச்சா டீச்சர்? நல்லவேளை. எங்கம்மாவுக்குத்தான் குடுத்துவெக்கலை."

நம்பியிருக்கா, பாவி மக. "ஆமாம்மா, இப்பதான் சரியாச்சு"ன்னேன். இந்த வாயிலதான் மறுநாள் பூசையில நற்கருணை வாங்கினேன்.