காயங்கள் சொன்ன ஊர்

அந்த மனிதரை ஒரு கதவில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவசரத்தில் கட்டில் அகப்படவில்லையாம். வீட்டுக் கதவையே கழற்றிவிட்டார்கள். இடது முன்கை எலும்புவரை பிளந்து தொங்கியது. தோளில் ஒரு வெட்டு, உச்சந்தலையில் ஒரு வெட்டு. தொடைவரை சேறு அப்பியிருந்தது. வெந்நீர்த் துணியால் துடைக்கத் துடைக்க, சேறும் ரத்தமுமாகக் கதவின் விளிம்பிலிருந்து தரையில் சொட்டியது. புத்தூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்து மூன்றாவது வருஷம். கட்டுப்போடும் அறையும் அங்கிருந்த காயப் பதிவேடும் என் பொறுப்பில் இருந்தன.

தூக்கி வந்தவர்கள், "பாஷை சண்டை, சிஸ்டரம்மா" என்றார்கள். அந்த நாட்களில் எல்லாச் சண்டைக்கும் அதுதான் பெயர். ஆந்திர மாநிலம் பிரிந்து, சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போயிருந்தது. ஆனால் எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற எல்லைப் பேச்சு முடிந்தபாடில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் சுவர்களில் ஒரு வாரம் தமிழில் எழுதியிருக்கும். மறுவாரம் அதன்மேல் தெலுங்கில் எழுதியிருக்கும். கடைகள் எரிந்தன, பஸ் கண்ணாடிகள் நொறுங்கின. ஆகவே ஒருவர் வெட்டுப்பட்டு வந்தால் மேற்கொண்டு காரணம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த மனிதரின் ஊருக்கு நாலைந்து மாதம் கழித்து ஒரு பேராசிரியர் போனார். மதராஸில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியவர். எல்லையோர ஊர்களில் வீட்டுக்கு வீடு என்ன மொழி பேசுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போக வந்திருந்தார். கடைசிச் சில வீடுகள் மிஞ்சியிருந்தபோது அவர் நெற்றியில் கல் விழுந்தது. ஒரு விவசாயி மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். கண் தெரியாத அளவுக்கு முகமெல்லாம் ரத்தம். அப்போதும் தாள்களை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவற்றை வாங்க முடிந்தது. நான் தையல் போட ஆரம்பித்தபோது அந்த விவசாயி வாசலில் நின்று புலம்பினார்.

"தமிழ்ல துன்றியா தெலுங்குல துன்றியான்னு கேக்காத கொறையா கேட்டுக்கினே வந்தாரும்மா. எங்க ஊட்ல நைனாவுக்குத் தெலுங்கு, அம்மாவுக்குத் தமிழு. நான் இன்னான்னு சொல்றது? அப்டி சொன்னா இந்தத் தெரு அடிக்கும், இப்டி சொன்னா அந்தத் தெரு அடிக்கும். அதுக்குள்ள எவனோ கல்ல வுட்டுட்டான்."

பேராசிரியர் வலியோடு சிரித்தது நினைவிருக்கிறது. "அவர் சொல்றது சரிதான் சிஸ்டர். என் தாள்ல அவருக்குக் கட்டமே இல்லை" என்றார்.

காயம் ஆறும்வரை எங்கள் வார்டில் இருந்தார். சும்மா படுத்திருக்க முடியாதவர். என் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். அப்போதுதான் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, பல மாதமாக மனதில் வைத்திருந்ததை அவரிடம் சொன்னார். "அந்த ஊர்க்காரங்க காயத்தைப் பாருங்க. தலையிலயும் தோள்லயும் வெட்டு வாங்கினவன் காலெல்லாம் சேறு. முழங்காலுக்குக் கீழ அடிபட்டவன் கால்ல சேறே இல்லை. ஒருத்தன் பள்ளத்துல நிக்கறான், இன்னொருத்தன் மேட்டுல நிக்கறான். வெட்டினதும் அரிவாள் இல்லை, மண்வெட்டி. இது தெருவுல நடந்த சண்டை இல்லை. வாய்க்கால்ல நடந்தது."

மலேரியாவுக்கு மருந்து வாங்க வரும் பாசன ஓவர்சியர் ஒருவர் இருந்தார். அவரிடம் அந்த ஊர் ஏரியின் வரைபடம் இருந்தது. பேராசிரியரின் கட்டில்மேல் அதை விரித்து டாக்டரம்மா, ஓவர்சியர், பேராசிரியர் மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்தார்கள். நான் பதிவேட்டிலிருந்து பெயர்களைப் படித்தேன். ஓவர்சியர் அவரவர் நிலத்தைக் காட்டினார். பேராசிரியர் அந்த வீட்டு மொழியைச் சொன்னார். தலையில் வெட்டுப்பட்டவர்கள் எல்லாரும் கடைமடைக்காரர்கள். தண்ணீர் வராமல் பயிர் கருகி, வாய்க்காலில் இறங்கிக் கரையை வெட்டிவிட வந்தவர்கள். காலில் அடிபட்டவர்களுக்கு மதகை ஒட்டி நிலம். கரைமேல் காவல் நின்றவர்கள். இரண்டு பக்கத்திலும் தமிழ் வீடும் இருந்தது, தெலுங்கு வீடும் இருந்தது. டாக்டரம்மாவுக்கு உடம்பு தெரியும், நிலம் தெரியாது. ஓவர்சியருக்கு நிலம் தெரியும், அதில் யார் யாரை வெட்டினார்கள் என்பது தெரியாது. பேராசிரியருக்கு எல்லார் மொழியும் தெரியும், அவர்களுடைய தாகம் தெரியாது. அவரவர் படிப்புக்குள்ளேயே இருந்திருந்தால் மூன்று பேரும் "பாஷை சண்டை" என்றே எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒன்று மட்டும் அந்தக் கட்டில்மேல் இல்லை. கதவில் வந்த மனிதரின் மனைவி, என்னை அக்கா என்று கூப்பிடுபவள். கை தைத்து அவர் படுத்திருந்த நாட்களில் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டியவள். கை விறைத்துப்போய் அவர் வீடு திரும்பிய பிறகு, அவளே காயத்தோடு வந்தாள். முதல் தடவை கன்னம் கிழிந்திருந்தது. இரண்டாவது தடவை கை முறிந்திருந்தது. கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. "கெணத்தாண்ட வழுக்கி வுழுந்துட்டேங்கா. போலீஸு கீலீஸுன்னு வாணாம். வுழுந்தாள்னே எழுதிக்கோ" என்று என் கையைப் பிடித்தாள். இரண்டு தடவையும் அப்படியே எழுதினேன். அவளைப்போல வேறு சில பெண்களும் வந்தார்கள், எல்லாரும் விழுந்தவர்கள்தான்.

அன்று துணிந்து இதைச் சொன்னேன். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேராசிரியர் தன்மையாகத்தான் சொன்னார்: "அது வீட்டு விஷயம் சிஸ்டர். நான் ஊரைப் பத்தி எழுதறேன்."

இரண்டு வாரம் போயிருக்கும். பேராசிரியர் ஆஸ்பத்திரி விருந்தினர் அறையில் அறிக்கையை எழுதி முடித்திருந்தார். நடுப்பகலில் ஒரு வண்டி வந்து நின்றது. வைக்கோலெல்லாம் சிவந்திருந்தது. உள்ளே அவள் கிடந்தாள். புருஷன் உலக்கையால் அடித்திருக்கிறார், காதுக்கு மேலே மண்டை உள்ளே இறங்கியிருந்தது. நல்லாயிருந்த வலது கையின் முழு பலத்தையும் காட்டியிருந்தார். நான் கட்டுப்போடப் போட, துணியைத் தாண்டி ரத்தம் வந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் வரை உயிர் இருந்தது. ஒருமுறை தெளிந்து என்னைப் பார்த்து, "வாய்க்கா காஞ்சாத்தாங்கா அவரு இப்டி. தண்ணி வந்தா நல்லவரு" என்றாள். பிறகு பேசவில்லை.

ரத்தம் காயாத கையோடு பதிவேட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். பொய்யாக நான் எழுதிய ஒவ்வொரு "விழுந்தது"க்கும் பக்கத்தில் உண்மையைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ஓவர்சியரை வரவழைத்து, மதகு அடைபட்ட நாட்களின் குறிப்பை வாங்கி அதன் அருகில் வைத்தார். வாய்க்காலில் ஆண்கள் வெட்டிக்கொள்வார்கள். தோற்றவர்கள் வீடு திரும்புவார்கள். சில நாளில் பெண்கள் "விழுவார்கள்". பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டு விஷயம்னு சொன்னேனே" என்றார். கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினார்.

அந்த அறிக்கையால்தானா என்று தெரியாது, வாய்க்கால் தூர் வாரப்பட்டது. மேலுக்கும் கடைக்கும் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எல்லையும் ஒருவழியாக முடிவானது; சில ஊர்கள் மதராஸ் பக்கம் போயின, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. மண்வெட்டிக் காயங்கள் குறைந்தன. விழும் பெண்களும் குறைந்தார்கள், அடியோடு நிற்கவில்லை.

வெகு காலம் கழித்து, நான் ஓய்வு பெற்றுத் திருப்பதியில் மகனோடு இருக்கும்போது, ஒரே வேனில் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் டாக்டர், ஒருவர் விவசாயம் படித்தவர், ஒரு பெண் சமூகவியல் படிப்பவள். இப்போதெல்லாம் சேர்ந்தேதான் கிளம்புகிறார்கள். அந்த ஊரைப் பற்றி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். புறப்படும்போது அந்தப் பெண் கேட்டாள்: "அந்தப் பழைய பதிவேட்டை எவ்வளவு நம்பலாம்மா?"

அவளிடம்தான் முதன்முதலாகச் சித்தூர் கோர்ட்டு விஷயத்தைச் சொன்னேன். கொலை வழக்கில் சாட்சி சொல்லப் போயிருந்தேன். புருஷன் தரப்பு வக்கீல் பதிவேட்டைத் திறந்து, "இது உங்க எழுத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். "மொதல் தடவ விழுந்தாங்க. ரெண்டாந்தடவையும் விழுந்தாங்க. மூணாந்தடவ மட்டும் புருஷன் அடிச்சிட்டாரா?" நான் பொய் எழுதினேன் என்று கத்தினேன். அப்படியானால் இப்போது சொல்வது மட்டும் எப்படி உண்மை என்று கேட்டார். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து புருஷனை விடுதலை செய்துவிட்டார்கள்.

வராந்தாவில் அவர் என்னைக் கடந்து போக முடியாமல் நின்றார். நான் தைத்த கை விறைத்துத் தொங்கியது. அழுதுகொண்டே சொன்னார்: "அன்னிக்கே நீ உள்ளத எழுதியிருந்தா என்னப் புடிச்சிக்கினு போயிருப்பாங்களே சிஸ்டரம்மா. அவ உசுரோட இருந்திருப்பாளே."

கொன்றவர் சொன்ன வார்த்தை அது. அவரை அங்கேயே அறைந்திருக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. பதிவேட்டைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணிடம் அதையும் சொன்னேன்.