பங்களாத் தரையில் ஐந்து விரல்

பசறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கோட்டை மாதிரி நிற்கும் துரை பங்களா இப்போது மியூசியம். டிக்கெட் எடுத்து உள்ளே போனதும் சிவப்புத் தரை பாலிஷ் வாசம் மூக்கில் ஏறியது. அந்தக் காலத்தில் அந்தத் தரையைத் தேய்த்தது என் அம்மா. ஏழு வயதில் நான், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்து, சேற்றுக்காலோடு அதில் சறுக்கி விளையாடினேன். துரையின் சத்தம் கேட்டதும் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

துரை கால் தடத்தைப் பார்த்தார். அம்மாவுக்கு வேலை போய்விடும் போலிருந்தது.

"நாய் வந்திருச்சுங்க தொர," என்றாள் அம்மா.

"நாய்க்கு அஞ்சு வெரலா?"

"ஆமாங்க, லயத்து நாய்ங்க."

திரைக்குக் கீழே தெரிந்த என் காலைப் பார்த்தபடி துரை சொன்னார்: "நாளைக்கு அந்த நாய்க்குக் கால் கழுவிக் கூட்டிட்டு வா."

வேலை தப்பியது. லயத்துக்குப் போய் அம்மா போட்ட அடியில் நான் குரைக்காததுதான் பாக்கி.

இன்றைக்குக் காசு கொடுத்து வந்தும் சுவரோரமாகத்தான் நடந்தேன்.