லூர்து சிஸ்டர் முதலில் போன வீடு

ஒருநாள் காலையில் வெளிநோயாளிகளுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். ஒடுகத்தூரிலிருந்து மேலே வந்த ஜீப் டிரைவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "சிஸ்டர், நம்ம லூர்து சிஸ்டர் தவறிட்டாங்களாம். வெடியக்காலையில தம்பி வூட்லயே உயிர் போச்சுன்னு சொன்னாங்க" என்றார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் அவர்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

நெல்லிவாசல்நாட்டில் லூர்துமேரியை அறியாத குடும்பம் குறைவு. பெயரில் சிஸ்டர் இருந்தாலும் அவர் கன்னியாஸ்திரீ அல்ல, எங்கள் சிறிய மருத்துவமனையின் மூத்த செவிலியர். சிறுநீரகம் கெட்டு, ஓய்வுபெற்று, அடிவாரத்தில் ஒடுகத்தூரில் இருந்த தம்பி வீட்டுக்குப் போகும்வரை அவருடன் வேலை பார்த்தவள் நான். அவர் பார்த்த பிரசவங்களைப் பற்றி, இதைப் படிக்கும் உங்களில் பலர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். நான் சொல்ல வேண்டியது ஒரு திருவருகைக் காலத்தைப் பற்றி.

கிறிஸ்துமஸுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளை நாங்கள் அப்படி அழைக்கிறோம். வாரம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, பிறக்கப்போகிறவருக்காகக் காத்திருக்கும் காலம். மலையில் அது அடைமழைக் காலமும்கூட. அந்த ஆண்டு, பெயின்ட் அடிக்கும் வேலை என்று சொல்லி ஒரு ஏஜென்ட் எங்கள் பக்கத்து ஊர் ஆண்களை ஜீப்பில் ஏற்றிப் போயிருந்தான். மாநில எல்லையைத் தாண்டிக் காட்டில் செம்மரம் வெட்டப் போனார்கள், போலீசில் பிடிபட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. சிலர் திரும்பிவந்தார்கள். லட்சுமியின் கணவன் கோவிந்தனும் அலமேலுவின் கணவன் ராமனும் வரவில்லை. விசாரித்த இடங்களில் அந்தப் பெயர்களில் ஆள் இல்லை என்றார்கள். மாதங்கள் ஓடின. செத்துப்போயிருப்பார்கள் என்று ஊர் முடிவுகட்டியது. வரும் அமாவாசையில் காரியம் செய்து இரண்டு பெண்களின் தாலியையும் இறக்கிவிடுவது என்று பேசி முடித்துவிட்டார்கள்.

லட்சுமி அப்போது கர்ப்பிணி. பரிசோதனைக்கு வந்தவள் அழாமல் இதைச் சொன்னாள். லூர்து சிஸ்டர் அன்று சாயங்காலமே என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கு நடந்தார். கோவிந்தனின் அப்பா களத்தில் சாமை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"செத்தத யாருங்க பாத்தது?" என்று சிஸ்டர் கேட்டார்.

"யாரும் பாக்கல. இன்னா பண்ணச் சொல்றீங்க? எவ்ளோ நாளு பாக்குறது?"

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுங்க. நாங்களும் இப்ப காத்திருக்கிற காலந்தான். எங்களோட சேந்து நீங்களும் காத்திருங்க."

"உங்க சாமிக்குப் பொறுமை இருக்கும். ஊரு வாய்க்கு இருக்காதும்மா."

"ஊரு வாய்க்கு நான் பதில் சொல்லிக்கிறேன். சும்மா காத்திருக்கச் சொல்லல. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

பெரியவர் சாமையை ஒருமுறை கிளறிவிட்டு நிமிர்ந்தார். "சரி, போய்ட்டு வாங்க" என்றார்.

திரும்பும் வழியில் நான் என் பயத்தைச் சொன்னேன். "அக்கா, அவங்க செத்திருந்தா? பொய்யா ஆசை காட்டின மாதிரி ஆயிடாதா?"

அவர் நடையை நிறுத்தவில்லை. "நல்லதுதான் நடக்கும்னு நான் எங்க சொன்னேன், ஸ்டெல்லா? கெட்டதே நடந்திருந்தாலும் அங்கயும் கடவுள் இருப்பாரு. அந்தத் தைரியத்துல போய்ப் பாக்குறதுதான் எனக்கு நம்பிக்கை" என்றார். எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது இதுதான்.

மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவருக்குத் தெலுங்கு நன்றாகப் பேச வரும். ஊர் ஊராகச் சிறை வாசல்களில் நின்றார். உள்ளே கேட்டால் பெயர் இல்லை என்கிறார்களே என்று, விடுதலையாகி வெளியே வருகிறவர்களிடம் இரண்டு பேரின் போட்டோவையும் காட்டினார். மழையில் நனைந்து காய்ச்சல் வந்தபோதும் அதே வாசலுக்குத்தான் போனார். ஒருநாள் ஒருவன் கோவிந்தனின் படத்தைப் பார்த்துவிட்டு, "இவன் உள்ளே இருக்கான், ஆனா பேரு வேற" என்றானாம். மாட்டினால் பொய்ப் பெயர் சொல்லும்படி ஏஜென்ட் சொல்லி அனுப்பியிருந்தான். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் கோவிந்தன் வந்து நின்றான். மனைவிக்கு இது எத்தனையாவது மாதம் என்று கேட்டுவிட்டு அழுதான். ராமனைப் பற்றியும் அவன்தான் சொன்னான். காட்டில் சிதறி ஓடியபோது ராமன் ஆற்றில் இறங்கியிருக்கிறான். வெள்ளம் கோவிந்தனின் கண்முன்னே அவனை இழுத்துப்போய்விட்டது.

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சியின் ஞாயிறு. அன்று காலை ஜீப்பிலிருந்து சிஸ்டர் இறங்கினார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நீ லட்சுமி வூட்டுக்குப் போ. நான் அலமேலு வூட்டுக்குப் போறேன்" என்றார்.

"அக்கா, இவ்ளோ அலைஞ்சு கண்டுபிடிச்சது நீங்க. லட்சுமிகிட்ட நீங்க சொன்னாதானே நல்லாருக்கும்?"

"நல்ல சேதிய யாரு சொன்னாலும் அது நல்ல சேதிதான். இத நான்தான் சொல்லணும்."

லட்சுமியின் வீட்டில் நான் பார்த்த சந்தோஷத்தை என்னால் எழுத முடியாது. கோவிந்தனின் அப்பா வாசலில் உட்கார்ந்து தன் தொடையில் தானே தட்டிக்கொண்டு சிரித்தார். அங்கிருந்து ஞாயிறு பூசைக்கு எங்கள் கோவிலுக்கு ஓடினேன். மூன்றாவது மெழுகுவர்த்தியை வழக்கமாக ஏற்றுகிறவர் அலமேலுவின் வீட்டில் இருந்தார். அதனால் நான் ஏற்றினேன். பூசை முடிந்து நான் போனபோது, அலமேலுவின் தலை சிஸ்டரின் மடியில் இருந்தது. மாடத்தில் அந்த வீட்டு அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிஸ்டர்தான் எண்ணெய் ஊற்றி ஏற்றியிருந்தார். ஜெபப் புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது. துக்கத்தில் இருந்தவளிடம் அவர் தன் மதத்தைப் பேசவில்லை. மூன்று நாள் அந்த வீட்டிலேயே தங்கி, கஞ்சி காய்ச்சி ஊட்டினார்.

கோவிந்தன் ஜாமீனில் வெளியே வந்தது கோடை தொடங்கி, புளி உலுக்கும் பருவத்தில்தான். அவன் மகள் அதற்குள் பிறந்து, கவிழ்ந்து படுக்கக் கற்றிருந்தாள். அலமேலுவை சிஸ்டர் எங்கள் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்த்துவிட்டார். அவளுடைய முகத்தில் சிரிப்பு திரும்ப வருடங்கள் ஆயின. திரும்பியது.

அடக்கத்தன்று ஒடுகத்தூர் தெருவில் ஜீப்புகள் நிறுத்த இடமில்லை. மலையிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவக் கோவில் எதற்குள்ளும் அதுவரை கால் வைக்காதவர்கள். சிஸ்டரைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்தியது அலமேலு. பெட்டியின் தலைமாட்டைத் தோளில் தாங்கியது கோவிந்தன். "எங்க சிஸ்டரு" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு நடந்ததைக் கேட்டபோது எனக்கு அழுகையைவிடப் பெருமைதான் மேலோங்கியது. இப்படிப்பட்டவருக்குப் பக்கத்து மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

நாளை திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. போன வாரம் ஒரு தாய் வந்து, மில் வேலைக்கென்று வெளியூருக்குப் போன மகளிடமிருந்து பேச்சே இல்லை என்று சொல்லி நின்றார். என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. பயமாகவும் இருக்கிறது. ஆனால் தெரியாத இடத்துக்குப் பயத்தோடு போகலாம், அங்கே நமக்கு முன்பே ஒருவர் காத்திருப்பார் என்பதை லூர்து சிஸ்டரிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை விடியற்காலைப் பேருந்தில் அலமேலுவும் நானும் கிளம்புகிறோம்.