மேசைக்கு வராத பாதி

பல்கலைக்கழகத்தில் அல்கோரிதமிக் கேம் தியரி என்ற ஆட்டக் கோட்பாட்டுக் கணிதம் நடத்தப்போகும் இளம் விரிவுரையாளர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிய பிறகுதான் எழுத வேண்டுமென்றால் எழுதவே மாட்டேன்.

1. முதல் வகுப்பு

முதல் நாள் நான் ஸ்லைட் போடுவதில்லை. கன்டீனில் ஜாம் வைத்த பன் ஒன்று, எங்கள் பேச்சில் ஜாம் பணிஸ், வாங்கிக்கொண்டு போவேன். மாணவர்களில் ஒருவர் அதை வெட்ட வேண்டும், மற்றவர் விரும்பிய துண்டை எடுக்க வேண்டும். எந்தத் துண்டு தனக்கு மிஞ்சும் என்று தெரியாததால் வெட்டுபவர் சமமாகத்தான் வெட்டுவார். யாரும் நல்லவராக இருக்கத் தேவையில்லை, விதி நன்றாக இருந்தால் போதும் என்று சொல்லிக்கொடுப்பேன்.

அந்த வருடம் வகுப்பில் ரஞ்சனி இருந்தாள். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுக்கிறவர். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

“எங்க தோட்டத்தில வெட்டுறதும் அவங்கதான், எடுக்கிறதும் அவங்கதான் மிஸ்,” என்றாள்.

மண்சரிவு அபாயம் என்று அவர்களை லயத்தைவிட்டு, தோட்டத்து வரிசை வீடுகளைவிட்டு, கிளம்பச் சொல்லியிருந்தார்கள். வீடு கட்ட, தரிசாகக் கிடந்த ஒரு தேயிலை மலையில் பாதியைத் தருவதாகத் தோட்ட நிர்வாகம் சொன்னது. மேலே ரோட்டோரம் மட்டமான இடம், கீழே ஓடைவரை சரிவு. எந்தப் பாதி என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. நானும் கொத்மலையில் லயத்தில் பிறந்தவள். அந்தச் சனிக்கிழமையே அவளோடு பஸ் ஏறினேன்.

2. மலையில்

கோயில் வாசலில் கூட்டம். தோட்டத்துத் துரை, அதாவது மானேஜர், எனக்கு நாற்காலி போடச் சொன்னார். என் விதியைச் சொன்னேன்: நீங்கள் வெட்டுங்கள், சனங்கள் எடுக்கட்டும், பிறகு யாரும் பேச்சு மாறக்கூடாது. அவர் உடனே சம்மதித்தார். தயங்கிய குடும்பங்களை ரஞ்சனிதான் வீடுவீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்தாள்.

அடுத்த முறை போனபோது நிலத்தை இரண்டாகப் பிரித்துக் கயிறு கட்டியிருந்தது. இரண்டு பாதியும் அளவில் சரி. ஆனால் இரண்டுமே சரிவில். மேலே மட்டமான இடத்தைச் சுற்றிக் கம்பி வேலி. சுற்றுலா ஹோட்டலுக்குக் கொடுத்தாயிற்றாம்.

“அது இந்தக் கணக்கில இல்லீங்க மிஸ்,” என்றார் துரை. “மிச்சத்த உங்க சட்டப்படியே வெட்டிட்டேன். அவங்க எடுத்துக்கட்டும்.”

துரைக்கு முன்னால் யாரும் சத்தம் போடாத அந்த இடத்தில் நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். என் தேற்றம் ஒன்றுகூடப் பொய்யாகவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரஞ்சனியின் அம்மா கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். “மண்ணு சரியுதுன்னுதானே அங்கேருந்து கிளம்பச் சொன்னாங்க? இங்கயும் அதே மண்ணுதானே,” என்றார். மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. ரஞ்சனி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எந்தப் பாதியையும் யாரும் எடுக்கவில்லை. இன்றும் அதே லயம்தான். மழை வலுத்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்கள்.

3. இப்போது

நம் பாடப்புத்தகங்கள் மேசையில் ஒரு கேக் இருக்கிறது என்றுதான் ஆரம்பிக்கும். அதை வைத்தது யார், வைக்காமல் விட்டது எவ்வளவு என்று ஒரு வரி இருக்காது. வெட்டும் முன் அதைக் கேட்கக் கற்றுக்கொடுங்கள்.

நான் இப்போதும் பணிஸோடுதான் போகிறேன். ஜாம் இருக்கும் பாதியை முன்பே வெட்டிப் பையில் ஒளித்துவிட்டு, மற்றதை மட்டும் மேசையில் வைக்கிறேன். மாணவர்கள் அதைச் சமமாக வெட்டி, பங்கு நியாயமானது என்று கரும்பலகையில் நிறுவி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். பிறகு பையிலிருந்து மறுபாதியை எடுத்து, அவர்கள் பார்க்கப் பார்க்கத் தின்கிறேன்.