ஆறாம் எண் மாணவன்

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. சாய்மானத்தின் பின்புறம் வெள்ளை பெயிண்டில் ஆறு என்று எழுதியிருக்கும். மயிலாப்பூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில், அதன் வலது பாதியில் நான் உட்காருவேன், இடது பாதியில் அவன். இருவரும் ஏழாம் வகுப்பு. அவன் மாட வீதிப் பையன், கணக்கில் வகுப்புக்கே முதல் ஆள். நான் ஆற்றோரக் குடிசையிலிருந்து வருகிறவன். கணக்கு வாத்தியார் பிரம்பை எடுத்தால் அவர் கண் முதலில் என்னைத்தான் தேடும்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த மெஷின்கள் வந்து இறங்கின. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி குளிருக்காகவே எனக்கு அந்த வகுப்பு பிடிக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவனவன் அளவுக்கு அது பாடம் நடத்தும் என்றார்கள். சரியாகப் போட்டால் அடுத்த கணக்கு கடினமாக வரும். தப்பாகப் போட்டால் இறங்கி வந்து, படம் காட்டி, மறுபடி கேட்கும். ஆனால் பிள்ளைகள் அதிகம், மெஷின்கள் கொஞ்சம். அதனால் இரண்டு பேருக்கு ஒரு நாற்காலி, ஒரே எண். இது மெஷினுக்குத் தெரியாது. ஆறாம் எண்ணில் ஒரே ஒரு மாணவன் இருப்பதாகவே அது நம்பியது.

முதலில் அவன்தான் போட்டான். விறுவிறுவென்று மேலே போய்விட்டான். திரையில் வந்ததை எனக்கு எழுத்துக்கூட்டக்கூட வரவில்லை. நான் ஏசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காதோரம் சொன்னான்: “நான் வேணும்னே தப்பாப் போடறேன். அது கீழ வந்துடும். அப்போ நீ போடு.”

“மெஷின் உன்னை மக்குன்னு நெனச்சுக்கும்டா.”

“நெனச்சுக்கட்டுமே. அதுக்கு என் மூஞ்சி தெரியுமா என்ன?”

தப்புமேல் தப்பாகத் தட்டினான். மெஷின் படிப்படியாக இறங்கி, நான்காக வெட்டிய ஒரு வட்டத்தில் வந்து நின்றது. நான் போட்டேன், தப்பு. மறுபடி கேட்டது. மறுபடி தப்பு. வேறு படம் காட்டிக் கேட்டது. அடி இல்லை, கிண்டல் இல்லை. அந்த மெஷினைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இதை நான் மறக்க மாட்டேன். முக்கால் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தக் குளிரில்தான். அதற்குப் பிறகு வகுப்பில் பாதி நேரம் அவன் ஏறுவான், பாதி நேரம் எனக்காக இறங்குவான்.

ஆண்டு முடிவில் ஒரு செய்தி வந்தது. குறிப்பிட்ட நிலையைத் தாண்டியவர்களுக்குத்தான் அடுத்த வருடம் கம்ப்யூட்டர் வகுப்பு, மற்றவர்களுக்குத் தையல், கைவேலை. அவனுக்கு அந்த அறையைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. அது தெரிந்தும் அவன் இறங்குவதை நிறுத்தவில்லை.

கம்ப்யூட்டர் மிஸ் ஆறாம் எண்ணின் தாளை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அதில் மெஷின் வரைந்திருந்த மதிப்பெண் கோடு மலையும் பள்ளமுமாக இருந்தது. “கஷ்டமானதெல்லாம் சரி, சுலபமானதெல்லாம் தப்பு. இப்படி ஒரு பிள்ளை உலகத்துலயே கிடையாதுடா” என்று சிரித்தார். இந்த எண் தேறவில்லை என்றார். அவன் காது சிவந்துவிட்டது.

“மிஸ், அதுல ரெண்டு பேர் கீறோம்” என்றேன்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். மிஸ் தாளை மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்தார். அவன் தாண்டிவிட்டான். என்னை மெஷின் ஐந்தாம் வகுப்புக் கணக்கில் நிறுத்தியது. அதுவும் பொய் சொல்லவில்லை. நான் அப்போது அங்கேதான் இருந்தேன், அதற்கு முன் அதற்கும் கீழே இருந்தேன்.

தையல் வகுப்பு எனக்கு ஒத்துவரவில்லை. அடுத்த வருடமே பள்ளிக்கூடமும் ஒத்துவரவில்லை. படிப்பை நிறுத்துவதற்குக் கொஞ்ச நாள் முன்பு கோயில் குளத்தோர பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்தேன். நாற்காலி முழுசும் உனக்குத்தானே, ஜாலியா என்று கேட்டேன். “அது ஏத்திண்டே போறதுடா. எறங்கவே விடமாட்டேங்கறது. பக்கத்துல பேசறதுக்கு ஆளே இல்லை” என்றான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டான். பிறகு பார்க்கவில்லை.

லாரியில் கிளீனராக விஜயவாடா வரை போனேன். கட்டட வேலை, பரோட்டாக் கடை, மறுபடி லாரி. டீசல் அரை டேங்க்கா, முக்கால் டேங்க்கா, சிமெண்ட் மூட்டைக்கு எத்தனை சட்டி மணல் என்று வரும்போதெல்லாம் நான்காக வெட்டிய அந்த வட்டம் கண்ணில் வரும். அதோடு இடது தோளில் அவன் தோள் இடிப்பதும் வரும்.

போன மாதம் வேளச்சேரியில் தங்கை வீட்டில் இருந்தேன். அவள் மகள் காதில் ஹெட்போனோடு டேப்லெட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது எல்லாம் ஆன்லைன். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவளுக்கென்றே கணக்கு கொடுக்கிறது. நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பதிலைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டாள். “தப்பாப் போட்டா லெவல் எறங்கிடும் மாமா.”

சரி என்று பக்கத்திலேயே நின்றேன். அடுத்த கணக்கு வந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். கால் வலிக்கிறவன் என்று நினைத்தாளோ என்னவோ. நாற்காலியின் வலது பாதி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.